குருத்துவக் கல்லூரிகளின் எதிர்காலத் திட்டத்தில் சாதி ஒழிப்புக்கு என்ன இடம்?

ஓர் இறையியல் கல்லூரி அடுத்த பத்தாண்டுக்கு என்ன திட்டம் தீட்டுகிறது என்பது கிறித்தவர்களின் உள்விவகாரம், நமக்கென்ன என்று சாதி ஒழிப்பு இயக்கங்கள் ஒதுங்கிவிட முடியாது. அங்கே படித்து வெளியே வருகிறவர்தான் ஊருக்கும் சேரிக்கும் பொதுவான கோயிலில் போதகராகவோ பங்குத்தந்தையாகவோ போய் அமர்கிறார். தேர் எந்தத் தெரு வரை போகும், பிணத்தை எந்தப் பாதையில் எடுத்துச் செல்வது, கல்லறையில் எந்தப் பக்கம் புதைப்பது என்ற தகராறெல்லாம் முதலில் அவர் முன்னால்தான் வந்து நிற்கிறது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், சம உரிமையும் தனிப் பங்கும் கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகளை ஆதிக்க சாதிக் கிறித்தவர்கள் தாக்கினார்கள். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். திருச்சி மேலப்புதூரில் பிணங்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பிய கல்லறையைத் தமிழ்நாடே அறியும்.

இன்று இக்கல்லூரிகளின் கவலை பெரும்பாலும் பணம் பற்றியது. வெளிநாட்டு உதவி சுருங்கி வருகிறது. 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. ஆகவே இணையவழிப் படிப்பு, புதிய கட்டடம், சொந்த வருமானம் என்றே திட்டங்கள் பேசுகின்றன. இவை தேவையற்றவை என்று சொல்லவில்லை. ஆனால் செலவைக் குறைக்கும் கத்தரி முதலில் எங்கே விழும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. சேரிகளில் நடக்கும் களப்பணி, தமிழ்வழிக் கல்வி, முதல் தலைமுறை மாணவர்களுக்கான கட்டணச் சலுகை ஆகியவை வருமானம் தராதவை. வெட்டுவதற்கு எளிதானவையும் அவைதான்.

இந்தக் கல்லூரிகளுக்குப் பெருமைப்படத்தக்க வரலாறும் உண்டு. 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்துதான் தலித் இறையியல் பேச்சு சூடுபிடித்தது. பின்னர் சென்னை குருகுலத்தில் அதற்கெனத் தனித்துறையே உருவானது. மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி தலித் ஆதார மையத்தை நடத்தியது. அங்கே ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை அண்ணன்', தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். பல்கலைக்கழகங்கள் பேசத் தயங்கிய காலத்தில் இங்கே பேசினார்கள். அந்தப் பேச்சு இன்று தேர்வில் மதிப்பெண் வாங்கும் ஒரு பாடத்தாளாகச் சுருங்கிவிடக் கூடாது.

இதில் சட்டப் பிரச்சினையும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறித்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. அந்த ஆணையில் சீக்கியர்கள் 1956இலும் பௌத்தர்கள் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர்களும் இசுலாமியர்களும் இன்னும் வெளியில்தான் நிற்கிறார்கள். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்ற தொழிலாளி, பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த கடைப்பெட்டி தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று சொல்லி, 1985இல் வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள்.

அந்தச் சான்றைத் திரட்டித் தர யாரால் முடியும்? ஊர் ஊராக மாணவர்களைக் களப்பணிக்கு அனுப்பும் இறையியல் கல்லூரிகளால் முடியும். ஆனால் அப்படித் திரட்டினால் அதில் சொந்தத் திருச்சபையின் பெயரும் வரும். டெல்லியில் போய், கிறித்தவத்திலும் சாதி இருக்கிறது, எங்கள் மக்களுக்கு இடஒதுக்கீடு கொடுங்கள் என்று கேட்கிறார்கள். ஊரில் வந்து, கிறித்துவுக்குள் சாதி இல்லை, அதைப் பேசிப் பிரிவினை உண்டாக்காதீர்கள் என்கிறார்கள். இரண்டு நாக்கால் பேசுகிறவர்களின் கோரிக்கையை எந்த அரசும் எளிதாகத் தட்டிக்கழிக்கும்.

இன்னொன்றும் உண்டு. பட்டியலில் இல்லாததால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் தலித் கிறித்தவருக்குக் கிடைப்பதில்லை. கோயில் வாசலில் சாதிப் பெயர் சொல்லி ஒருவர் இழிவுபடுத்தப்பட்டால், அவர் நீதி கேட்க முதலில் திருச்சபையிடம்தான் போகவேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆயருக்குச் சாதிக் கொடுமையை விசாரிக்கத் தெரியுமா? யாராவது கற்றுக்கொடுத்தார்களா?

எனவே எதிர்காலத் திட்டம் எழுதுகிறவர்களிடம் நாம் கேட்பது சில தெளிவான காரியங்கள். மாணவர்கள், ஆசிரியர்கள், நிர்வாகக் குழு ஆகியவற்றின் சாதிவாரிக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். சாதி பற்றிய பாடம் எல்லோருக்கும் கட்டாயமாகட்டும். தலித் மாணவர் மட்டும் தேர்ந்தெடுத்துப் படிக்கும் தாளாக அது இருந்தால், ஆதிக்க சாதி மாணவர் எதையும் கேளாமலேயே பட்டம் வாங்கிப் போய்விடுவார். ஒவ்வொரு மாணவரும் குறிப்பிட்ட காலம் சேரியில் தங்கிக் களப்பணி செய்யட்டும். அங்கே கண்ட பாகுபாடுகளை எழுதி ஆவணமாக்கட்டும். சாதி மறுப்புத் திருமணத்தை நடத்திவைக்கும் துணிவுள்ளவருக்கே குருத்துவப் பரிந்துரை கொடுங்கள். தமிழ்வழிக் கல்வியில் கை வைக்காதீர்கள்.

கணக்குக் கேட்டால் சாதியை வளர்ப்பதாகும் என்பார்கள். சாதிவாரிக் கணக்கெடுப்பை எதிர்க்கிறவர்கள் வெளியிலும் இதைத்தான் சொல்கிறார்கள். பெண் பார்க்கும்போதும் பேராயர் தேர்தலில் ஓட்டு எண்ணும்போதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிற சாதி, நிர்வாகக் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கும்போது மட்டும் மறந்துபோகிறது.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதியை உடனே அறவே விட்டொழிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. மேலிருந்து வரும் சுற்றறிக்கையால் சாதி போகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஆயராகப் போகிறவர் படிக்கும் வகுப்பறையிலேயே வேலையைத் தொடங்கியாக வேண்டும். அதற்கு இடமில்லாத திட்டம், கட்டடங்களுக்கான திட்டமாக மட்டுமே இருக்கும்.