வேலை செய்யுற கோடிங்கை ஏன் திருப்பி அனுப்புறாங்க?

பீளமேட்டில் படிக்கும் ஒரு மாணவரோ, சரவணம்பட்டி ஐ.டி. நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவரோ முதல்முறையாக ஓர் ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு நிரல் எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிரல் நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் திரும்பி வருகிறது. 'டேப் வேண்டாம், நாலு ஸ்பேஸ் விடுங்க', 'ஃபங்ஷன் பெயரை மாத்துங்க', 'டெஸ்ட் எங்கே?' என்று குறிப்புகள். "அதான் வேலை செய்யுதுங்களே, அப்புறம் என்னங்க?" என்று கேட்கத் தோன்றும்.

இதற்கான பதில் கோவையின் பம்ப் செட் தொழிலிலேயே இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து மோட்டாரைக் கழற்றும் மெக்கானிக், அதைச் செய்தவரைப் பார்த்திருக்கவே மாட்டார். ஆனாலும் தேய்ந்துபோன போல்ட்டுக்கு மாற்று பக்கத்துக் கடையிலேயே கிடைத்துவிடுகிறது. மரை அளவு ஊருக்கெல்லாம் ஒன்று என்பதுதான் காரணம். ஓப்பன் சோர்ஸிலும் எழுதுபவர் ஒருவர்; மூன்று வருஷம் கழித்து அதைப் பிரித்துப் பழுது பார்ப்பவர் முன்பின் தெரியாத இன்னொருவர்.

எந்த மரை சரி என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. பைத்தான் மொழிக்கு 2001-ல் எழுதப்பட்ட 'பெப் 8' வழிகாட்டி நாலு ஸ்பேஸ் விடச் சொல்கிறது. லினக்ஸ் கெர்னலோ டேப்தான் வேண்டும், அதுவும் எட்டு எழுத்து அகலம் என்கிறது. (அந்த ஆவணம் தொடங்குவதே, இன்னொரு பிரபல விதிமுறையை அச்சிட்டு, படிக்காமலே கொளுத்திவிடச் சொல்லித்தான். டேப்பா ஸ்பேஸா சண்டை அவ்வளவு பழசு.) எது அழகு என்ற விவாதத்தைப் புதிதாக வருபவர் தொடங்க வேண்டாம். போகிற வீட்டின் வழக்கம் எதுவோ, அதுதான்.

ஆனால் எல்லா விதியும் ஸ்பேஸ், டேப் அளவோடு நின்றுவிடுவதில்லை. தமிழில் நிரல் எழுதுபவர்களுக்கு இது சட்டென்று புரியும். 'கோவை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு இரண்டு எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 4 என்னும். க, ஓகாரக் குறி, வ, ஐகாரக் குறி என்று அது தனித்தனியாக எண்ணுகிறது. அந்த ஓகாரக் குறியையே சில மென்பொருள்கள் ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாக உடைத்துச் சேமிக்கும். அப்போது விடை 5. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒரே 'கோவை'. கம்ப்யூட்டருக்கோ வெவ்வேறு சொற்கள்; ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது.

ஓப்பன்-தமிழ் என்ற திறந்த மூல பைத்தான் நூலகத்தில், சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தருவதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நீளத்தை நேரடியாக எண்ணும் நிரலை ஒருவர் எழுதினால், அவர் சோதித்துப் பார்த்த 'மரம்', 'படம்' எதுவானாலும் தப்பாகத்தான் எண்ணும். 'இருப்பதைப் பயன்படுத்து, ஒப்பிடும் முன் எழுத்து வடிவத்தை ஒரே மாதிரி ஆக்கு' என்ற விதி வறட்டு ஒழுங்கு இல்லை. ஒரே ஊரில் இருப்பவர்களின் முகவரிகள் இரண்டு பட்டியலாகப் பிரிந்துபோகாமல் காப்பது அதுதான்.

பொது வழக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. ஃபான்ட்டுக்கு ஒரு குறியீடு என்றிருந்த காலத்தில், ஓர் அலுவலகத்தில் அடித்த கடிதம் அடுத்த அலுவலகத்தில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது.

விதி படிக்காமல் அனுப்புவதால் யாருக்கு நஷ்டம்? 2020 அக்டோபரில் அது வெளிப்படையாகத் தெரிந்தது. நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்ற ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில், ரீட்மீ கோப்பில் ஒரு வார்த்தையைச் சேர்த்து அனுப்பும் வழியை ஒரு யூட்யூப் வீடியோ காட்ட, திட்டங்களில் குப்பை குவிந்தது. சம்பளமே இல்லாமல் பராமரிப்பவர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூடினார்கள். மாதம் தொடங்கிய சில நாட்களிலேயே, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதி மாறியது. ரெஸ்யூமேயில் ஒரு வரி சேர்க்க அவசரப்படும் மாணவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புதிதாக எழுதச் சொல்லித்தரும் கல்லூரிகள், அடுத்தவர் எழுதியதைப் படிக்கவும் சொல்லித்தர வேண்டும்.

திட்டங்களுக்கும் பொறுப்பு உண்டு. எங்கும் எழுதிவைக்காத விதியைச் சொல்லிப் புதியவரைத் திருப்பி அனுப்புவது அநியாயம். ஸ்பேஸ் எண்ணுவதை மனிதர்கள் செய்யவே வேண்டாம். கோ மொழியில் ஜிஓஃஎம்டி, பைத்தானில் பிளாக் போன்ற கருவிகள் நொடியில் செய்துவிடும்.

தொடங்குகிறவர்கள் முதலில் அந்தத் திட்டத்தின் 'கான்ட்ரிபியூட்டிங்' கோப்பைத் திறந்து பாருங்கள். சமீபத்தில் ஏற்கப்பட்ட நாலைந்து மாற்றங்களைப் படித்தால், கோப்பில் எழுதாத வழக்கமும் பிடிபடும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் போதும். பிழை திருத்தும்போது கூடவே கோப்பு முழுவதையும் 'அழகுபடுத்த' வேண்டாம், எது திருத்தம் என்றே தெரியாமல் போய்விடும். கமிட் செய்தியில் என்ன மாற்றினீர்கள் என்பதோடு ஏன் மாற்றினீர்கள் என்றும் எழுதுங்கள். டெஸ்ட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். மறுநாளே பதில் வரவில்லையே என்று பதற வேண்டாம். அந்தப் பக்கம் இருப்பவர் பெரும்பாலும் ஆபீஸ் வேலை முடிந்து, இரவில்தான் அதைத் திறப்பார்.