துருவ நட்சத்திரம் செந்தூலுக்கு உதவாது

கண்ணாடித் தொலைநோக்கியில் வியாழன் மங்கலாகத் தெரிந்தால் கருவியே பழுது என்று மூலையில் வைத்துவிடாதீர்கள், மாணவர்களே. பெரும்பாலும் உள்ளிருக்கும் ஆடிகள் நேராக இல்லாததே காரணம்.

நேர்ப்படுத்த, நகராத துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள் என்கின்றன வெளிநாட்டு வழிகாட்டிகள். இங்கே அதை அப்படியே பின்பற்றக் கூடாது என்பேன். செந்தூலில் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 3 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அடுக்குமாடி மறைக்காவிட்டாலும் காற்றின் அலைவு பிம்பத்தைக் குலைத்துவிடும்.

நமக்குத் திருவாதிரை இருக்கிறதே! பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பதரை வாக்கில் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். உருப்பெருக்கத்தைக் கூட்டி, அதை நடுவில் வைத்து, குவியத்தைச் சற்றே விலக்குங்கள். வளையங்கள் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால், பெரிய ஆடியின் பின்னுள்ள திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். விண்மீன் இடம் மாறும். மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.