ஒரு சாண் காணியும் ஒரு ஓட்டோவும்

தொண்டைமானாற்றில் எங்களில் ஒருத்தியின் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி இருந்தது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்த கிழமை அது சரிந்து விழுந்தது. மழை விட்டதும் பக்கத்து வீட்டார் கதியால் போட்டு அடைச்சினம். "ஒரு சாண் எங்கடை பக்கம் தள்ளிப் போட்டிட்டினம்" எண்டு இவையள். "பழைய வேரடியிலைதான் போட்டது" எண்டு அவையள். அண்டையோடை கதை பேச்சு இல்லை. சந்நிதித் திருவிழாவுக்கு இரண்டு வீடும் ஒரே வீதியால் போகும், அன்னதானக் கந்தனின் மடத்தில் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடும், முகம் பாராமல் திரும்பி வரும்.

ஒருநாள் இரவு அவளின் அம்மம்மாவுக்கு நெஞ்சு நோ வந்தது. பக்கத்து முற்றத்தில் ஓட்டோ நிற்கிறது. கூப்பிடவில்லை. வல்வெட்டித்துறையில் இருந்து வேறொரு ஓட்டோ வரும்வரை படலையில் காத்து நிண்டினம். அம்மம்மா பிழைச்சிட்டா. பிழைச்சிருக்காவிட்டால் அந்த ஒரு சாண் காணியை என்ன செய்திருப்பினம் என்று நாங்கள் கேட்டோம். வீட்டில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வேலிச் சண்டை எங்கள் ஊரில் பகிடிக் கதை. வடலிக்கு வழக்காடித் தோப்பை வித்தவர், கதியாலுக்காகக் கொழும்புவரை போனவர் என்று சொல்லிச் சிரிப்போம். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பதுதான் எங்கள் கட்சி.

பெரியவர்கள் சொல்லும் நியாயம் எங்களுக்குத் தெரியும். "இண்டைக்கு விட்டால் பத்து வருசத்திலை அவன்ரை காணி." இது வெறும் பயம் இல்லை. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, ஒரு காணியைப் பத்து வருசம் தடையில்லாமல், உரிமையாளருக்கு எதிராகத் தனதென்று ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். போரால் ஊரை விட்டு ஓடினவர்களுக்கு இது அநியாயம் என்றுதான் 2016இல் தனிச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயல்களால் தன் காணிக்கே போக முடியாமல் இருந்தவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆகவே எல்லையைக் கவனிப்பது பிழை இல்லை. கவனிக்கிற முறைதான் பிழை.

நாங்கள் என்ன செய்கிறோம்? முதலில் ஏசுகிறோம். பிறகு பொலிஸுக்குப் போகிறோம். சமாதானக் குலைவு வரும் என்று பொலிஸ் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகும். அந்த வழக்கு காணி யாருடையது என்று தீர்ப்பதே இல்லை. இப்போது யாரின் ஆட்சியில் இருக்கிறது என்று மட்டும் பார்க்கும். உரிமைக்கு வேறு வழக்குப் போட வேண்டும். அதற்கு லண்டன் அண்ணை காசு அனுப்புவார். மற்றப் பக்கத்துக்குக் கனடாவில் இருந்து வரும். தொடக்கி வைத்த இரண்டு பேரும் செத்துப் போவினம்; வழக்கு பிள்ளைகளின் பேரில் நடக்கும்.

ஆனால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணி பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். சபை தீர்ப்புச் சொல்லாது, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டதை எழுதிக் கையெழுத்து வாங்கும். "அங்கை போனால் விட்டுக் குடுக்கச் சொல்லுவினம்" என்று அதை இளக்காரம் பண்ணுகிறோம். விட்டுக் குடுக்கிறதை வெட்கமாகப் பழக்கியது யார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2015இல் வளலாயில் காணிகள் விடுபட்டபோது திரும்பி வந்த சனத்துக்கு எல்லை எது, கிணறு எது என்றே விளங்காத இடங்கள் இருந்தன. உயர் பாதுகாப்பு வலயத்தின் முட்கம்பிக்கு முன்னால் ஒன்றாய் நின்று கேட்ட சனம் நாங்கள். அந்த வேலிக்கு ஒன்றாய் நின்ற ஆட்கள் ஒரு பூவரசங் கதியாலுக்கு எதிரெதிரே நிற்கிறோம்.

பழைய கிடுகு வேலியைப் புகழ்ந்து பாட நாங்கள் வரவில்லை. யாழ்ப்பாணத்து வேலி சாதியையும் சேர்த்து அடைத்து வைத்தது. யார் படலைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று அது சொன்னது. மதுரை மாவட்டத்து உத்தபுரத்தில் 1989இல் கட்டிய சுவரின் ஒரு பகுதியை உடைக்க 2008 மே வரை ஆனது. ஆனாலும் அந்தப் பழைய வேலியில் ஒரு பொட்டு இருந்தது. கறி மாறவும், கிணத்தடிக்குப் போகவும், அவசரத்துக்கு ஓடவும் ஒரு ஆள் நுழையும் இடைவெளி. அதுவும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை, உண்மைதான். அதை எல்லாருக்கும் பொதுவாக்கியிருக்க வேண்டும். நாங்களோ வெளிநாட்டுக் காசில் ஆறடி மதில் கட்டி அதையும் அடைத்தோம்.

மதில் கட்டிவிட்டுப் பூட்டிப் போன வளவுகளோ வேறு கதை. உள்ளே பாத்தீனியம் இடுப்பளவு. விழுந்த தேங்காய்ச் சிரட்டையில் மழைத் தண்ணி, அதில் நுளம்பு. டெங்கு வருவது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. 2007ஆம் ஆண்டின் சட்டப்படி நுளம்பு பெருக விடுவது குற்றம். ஆனால் பூட்டின படலையில் யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு சாண் எல்லைக்காக வட்ஸ்அப்பில் சண்டை பிடிக்கிற அந்த உரிமையாளர், பற்றை வெட்ட ஒரு ஆளை விடட்டும். அதுதான் காணிப் பற்று.

நாங்கள் கேட்பது பெரிய விசயம் இல்லை. மாரிக்கு முந்தி, புரட்டாதியில், இரண்டு வீட்டாரும் ஒருமுறை வேலியோரம் சேர்ந்து நடவுங்கோ. எந்தக் கதியால் உக்கினது, எந்தக் கொப்பு மற்றவையின் கூரைக்கு மேலே நிற்குது என்று பாருங்கோ. விழுந்த வேலியைத் தனிய அடைக்காதேங்கோ. மற்றவையையும் கூப்பிட்டு நூல் பிடியுங்கோ. சந்தேகம் இருந்தால் நில அளவையாளருக்கு ஆளுக்குப் பாதிக் காசு போட்டுக் கல்லு நடுங்கோ. அதுக்கும் சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை. வழக்கு கடைசி.

வீட்டுப் பெட்டியில் இருக்கிற காணி உறுதியை ஒருக்கால் எடுத்து வாசியுங்கோ. இத்தனை பரப்பு, இத்தனை குழி என்ற பிறகு, கிழக்கில் இன்னாரின் காணி, வடக்கில் இன்னாரின் காணி என்று எழுதியிருக்கும். எங்கள் காணி எது என்று சொல்ல உறுதிக்கே அயலவரின் பேர் தேவைப்படுகிறது. அந்தப் பேரைச் சொல்லி மதிலுக்கு மேலால் ஒருக்கால் கூப்பிட்டுப் பாருங்கோ. ஓட்டோ அங்கைதான் நிற்குது.