இட்டேரியும் ஏற வேண்டும் வரைபடத்தில்

குன்னத்தூரிலிருந்து பெருந்துறைக்கோ கோபிக்கோ செல்லும் சாலையை எந்தச் செயலியும் காட்டிவிடும். கிளுவை வேலிகளுக்கிடையே தோட்டத்துச் சாளைக்குச் செல்லும் இட்டேரிதான் சிக்கல். கால்நடை மருத்துவரும் தேங்காய் லாரியும் வழி தவறுவது அங்கேதான். செல்போன் சிக்னல் விட்டுப்போனால் நிலைமை இன்னும் மோசம். ஆகவே இணையமின்றி இயங்கும் வரைபடச் செயலி ஒன்றை விவசாயிகள் வைத்திருப்பது நலம்.

நாம் நிற்கும் இடத்தைச் செல்போன் அறிவது செயற்கைக்கோள் சிக்னலால். அதற்கு இணையம் வேண்டியதில்லை. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்திருந்தால் போதும்.

கடை, மில், மருத்துவமனை ஆகியவற்றைத் தேட கூகுள் மேப்ஸ் சிறந்தது. ஆனால் இணையமில்லாதபோது அது வண்டி செல்லும் வழியை மட்டுமே சொல்லும், நடைவழி சொல்லாது. பதிவிறக்கிய பகுதியையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் இரண்டும் 2004-ல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தைக் கொண்டு இயங்குபவை. இவற்றில் நடைவழியும் இணையமின்றிக் கிடைக்கும். ஓஸ்மாண்டில் வசதிகள் மிகுதி. பழகச் சில நாளாகும். ஆர்கானிக் மேப்ஸ் இலவசம், விளம்பரமற்றது, எளியது. நம் விவசாயிகளுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

கூகுளில்தானே பெயர்கள் அதிகம் என்று கேட்கலாம். உண்மைதான், அதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மரநிழலில் மறைந்த இட்டேரி, வானிலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. நடந்து பார்த்தவர்தான் அதைச் சேர்க்க முடியும். பொது வரைபடத்தில் விடுபட்ட பாதையை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் ஊர் இளைஞர் எவரும் வரையலாம். ஒருவர் வரைந்தால் ஊருக்கே பயன்.

செயலியை நம்புமுன் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, தோட்டத்திலிருந்து சந்தைவரை ஒருமுறை சென்று சோதியுங்கள். ஊர்ப்பெயரை மட்டும் நம்பக் கூடாது. மதுரைப் பக்கத்திலும் ஒரு குன்னத்தூர் உண்டு. சாளை வாசலில் நின்று குறி வைத்து, அதை மருத்துவருக்கும் லாரிக்காரருக்கும் முன்னதாகவே அனுப்பி வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. செல்போன் காட்டும் இடம் சில மீட்டர் முன்பின் இருக்கும். வரப்புத் தகராறுக்கு இதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அதற்கு நில அளவையரும் புலப்படமுமே வழி.

நள்ளிரவில் பசு கன்று போட முடியாமல் தவிக்கும்போது வழி சொல்லிக்கொண்டிருக்க நேரமிராது. பகலிலேயே குறித்து வையுங்கள்.