அபாயக் கோட்டை ஒதுக்கிய அரசு

ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்திலுள்ள சதபயா, ஏழு கிராமங்களின் தொகுப்பாக இருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகக் கடல் விழுங்கியது. எஞ்சியிருந்த 571 குடும்பங்கள் 2018இல் பாகபாட்டியாவில் குடியமர்த்தப்பட்டன. வீட்டுமனை கிடைத்தது; விளைநிலம் கிடைக்கவில்லை. இளைஞர்கள் பிழைப்புத் தேடி கேரளம் வரை செல்கின்றனர்.

இதனை இயற்கைச் சீற்றம் என்று கூறிக் கைகழுவிவிட முடியாது. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993-2017 காலத்தில் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்ந்ததாக ஒன்றிய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீடே கூறுகிறது. அதற்கு முந்தைய நீண்ட காலத்தில் இவ்வேகம் 1.75 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. நாட்டின் கடற்கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகிறது என்பது தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தின் கணக்கு. மேற்கு வங்கத்தில் இது 60.5 விழுக்காடு.

அரசின் விஞ்ஞானிகள் அளந்து சொன்னதை அரசு என்ன செய்தது? மக்கள் நெருக்கமுள்ள ஊரகக் கடலோரங்களில் கட்டுமானத் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது, 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. அரிப்பையும் கடல்மட்ட உயர்வையும் கணக்கிட்டு, மக்கள் பணத்தில் வரையப்பட்ட அபாயக் கோடு வெறும் திட்டமிடல் கருவியாக ஒதுக்கப்பட்டது. உள்ளூர் மக்கள் வீடு கட்டவே இத்தளர்வு என்பது ஆட்சியாளர்களின் சமாதானம். பாரம்பரியக் கடலோர மக்களின் வீடுகளுக்கு 2011 அறிவிக்கையிலேயே இடமிருந்தது. புதிதாக வழி திறந்தது சுற்றுலா முதலாளிகளுக்கே.

அபாயக் கோட்டுக்குச் சட்ட வலு அளிக்கப்பட வேண்டும். கடல்கொண்ட ஊர்களின் மக்களுக்கு மனையுடன் விளைநிலமும் வழங்கப்பட வேண்டும். பாகபாட்டியாவிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.