வால்வு சேர்த்தால் பாட்டு இனிக்குமா?

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் பாட்டை வறட்சியாக்குகிறது, நடுவில் ஒரு வால்வு (வெற்றிடக் குழாய்) ப்ரீஆம்ப் வைத்தால் இழந்த இதம் திரும்பிவிடும் என்கிறார்கள். தவறு.

ஒன்று: எதுவும் திரும்புவதில்லை, புதிதாகச் சேர்கிறது. வால்வு ஒவ்வொரு சுரத்தோடும் அதன் மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் கலக்கிறது; இரண்டாம் ஹார்மோனிக் என்னும் பிறழ்வு அது. பிடித்தால் கேளுங்கள். அதையே அசல் ஒலி என்று ஏன் சாதிக்கிறீர்கள்?

இரண்டு: 1950களின் பாட்டுகள் வால்வுக் கருவிகளில்தான் பதிவாயின. அந்த நிறம் பதிவிலேயே இருக்கிறது. மறுபடி எதற்கு?

மூன்று: ஈசிசி83 வால்வின் ஆனோடுக்கு 250 வோல்ட் அளவில் தர வேண்டும். பல மலிவு ப்ரீஆம்ப் பெட்டிகள் அதில் சிறு பங்கே தருகின்றன. அடியில் ஆரஞ்சு எல்இடி வேறு. நீங்கள் ரசிப்பது வால்வையா, விளக்கையா?

நான்கு, முக்கியமானது: வீடு. வடசென்னையின் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போனால் ஜன்னல் அதிர்கிறது. வால்வு அந்த அதிர்வையும் வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். ராயபுரத்து உப்புக் காற்றில் வால்வின் சாக்கெட் பச்சை பூத்தால் வருவது இதமல்ல, சடசடப்பு. மொசைக் தரை, வெறும் சுவர், மூலையில் ஒட்டிய ஸ்பீக்கர்: காதைக் குத்தும் கூர்மை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ஜமுக்காளம் விரியுங்கள், கனத்த திரை போடுங்கள், ஸ்பீக்கரை இரண்டடி முன்னே இழுங்கள். அதன் பிறகும் வால்வு வேண்டுமா, சொல்லுங்கள்.