113 கிராம் அபராதம்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையில் ரிங்லெட்டைத் தாண்டியதும் ஏரி கண்ணில் படும். மழை பெய்த மறுநாள் அது பால் கூடிப்போன தேநீரின் நிறத்தில் இருக்கும். பெர்த்தாம் ஆற்றை மறித்து மின்சாரத்துக்காக 1963இல் கட்டிமுடித்த சுல்தான் அபு பாக்கார் அணையின் ஏரி அது. மேலே காய்கறித் தோட்டங்களுக்காகச் சரிவுகளை வெட்டிக்கொண்டே போனதில் ஏரியின் ஏறத்தாழ பாதியை மண் நிரப்பிவிட்டது. அந்த மீதித் தண்ணீரிலும் மீன் இருக்கிறது. மீன் இருந்தால் தூண்டிலும் இருக்கும்.

தூண்டிலோடு நமக்கு எந்தச் சண்டையும் கிடையாது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டால் தெரியும்: வேலை முடிந்த மாலையில் ஒரு மூங்கில் குச்சி, கொஞ்சம் நரம்பு, டின்னில் மண்புழு. கிடைத்தது நாலோ ஐந்தோ, அன்று இரவே பெரட்டல். பிடித்தவருக்கு மீனின் கணக்கு முழுசாகத் தெரியும். எத்தனை வந்தது, யார் வீட்டுச் சட்டிக்குப் போனது என்று எல்லாம் விளக்கு வைப்பதற்குள் தீர்ந்துவிடும்.

போட்டியின் கதை வேறு. பள்ளி விடுமுறை வந்தால் மலேசியா எங்கும் தூண்டில் போட்டிப் பதாகைகள் முளைக்கின்றன. ரொக்கம், மோட்டார்சைக்கிள், கோப்பை. தராசில் முள் நிற்கும்வரை அந்த மீன்தான் கதாநாயகன். கிராம் கணக்குக்குச் சண்டை நடக்கிறது. எடை எழுதியாகிவிட்டதும், நெகிழிப்பையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும் அந்த உயிரை ஏறிட்டுப் பார்ப்பவர் இல்லை. ‘பிறகு தண்ணீரில் விட்டுவிடுவோம்’ என்று ஏற்பாட்டாளர் சொல்கிறார். விட்ட மீன் பிழைத்ததா என்று கேட்டால் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைத்தான் இந்தத் தலையங்கம் குற்றம் என்கிறது.

இந்த விளையாட்டின் பெரிய கடை அமெரிக்கா. அங்கே பாஸ் மீன் போட்டிகளை 1967இல் பெரிய அளவில் தொடங்கிவைத்தவர் ரே ஸ்காட். முதலில் பிடித்ததெல்லாம் செத்துத்தான் மேடைக்கு வந்தது. ஏரிக்கரை மக்கள் முகம் சுளித்தார்கள். 1972இல் அவர் ‘பிடித்ததைக் கொல்லாதே’ என்ற முழக்கத்தோடு விதியை மாற்றினார். படகுக்குள் தண்ணீர்த் தொட்டி வந்தது, காற்றை ஊதும் பம்பு வந்தது. பிறகு வண்ண வண்ணக் கவ்விகளும் வந்தன. ஒருவர் ஐந்து மீன்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது வழக்கமான வரம்பு. ஆறாவது பெரிதாக மாட்டினால் தொட்டியில் இருப்பதில் எது சிறிது என்று சட்டென்று தெரிய வேண்டுமே. அதற்காக ஒவ்வொரு மீனின் தாடையிலும் ஒரு நிறக் கவ்வி. சிவப்பு இத்தனை, பச்சை இத்தனை என்று எடையைக் குறித்துவைத்துக்கொண்டு, சிறியதைத் தூக்கி வெளியே விடுகிறார்கள். நல்ல உபாயம்தான். தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவி எல்லா மீனையும் மிரட்ட வேண்டியதில்லை.

இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைக்கத் தெரிந்தவர்கள், மேடைக்குச் செத்து வரும் மீனுக்கு வைத்திருக்கும் தண்டனை என்ன தெரியுமா? மொத்த எடையில் நான்கு அவுன்ஸ் கழிவு. அதாவது 113 கிராம். ஒரு உயிரின் விலை சில கைப்பிடி நிலக்கடலை. அதுவும் மேடைக்கு முன்னால் செத்தால்தான். விட்ட இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஏரியின் அடியில் செத்தால் அந்த அபராதமும் இல்லை. இப்படிப் பிந்திச் சாவது உண்டு என்றும், தண்ணீர் சூடேறச் சூடேற அது கூடுகிறது என்றும் அமெரிக்க மீனியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

ஏன் சாகிறது? 1992இல் கனடாவில் வானவில் டிரவுட் மீன்களைக் களைக்கக் களைக்கத் துரத்தி ஒரு சோதனை செய்தார்கள். களைத்த மீனைத் தண்ணீரிலேயே விட்டபோது பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நூற்றுக்கு 12 செத்தன. அரை நிமிடம் காற்றில் வைத்தபோது 38. ஒரு நிமிடம் வைத்தபோது 72. செவுள் என்பது தண்ணீரில் விரியும் மெல்லிய இதழ்களின் அடுக்கு. காற்றுக்கு வந்தால் நனைந்த காகிதத்தாள்கள் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓடிக் களைத்தவனின் மூக்கையும் வாயையும் பொத்துகிற வேலை அது. பாஸ் மீன் டிரவுட்டைவிடக் கெட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் முள்ளைக் கழற்றி, கைப்பேசிக்குச் சிரித்து, நண்பனிடம் கொடுத்து அவனும் சிரித்து முடிக்க எத்தனை நொடி ஆகிறது என்று அடுத்த முறை எண்ணிப் பாருங்கள்.

‘கேமரன் மலை குளிர்ச்சியாயிற்றே’ என்று ஒரு சமாதானம் வரும். பாதிதான் உண்மை. குளிர்ந்த நீர் அதிக ஆக்சிஜனைத் தாங்கும். கடல் மட்டத்தில் 30 பாகையில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம், 20 பாகையில் ஒன்பது. ஆனால் ரிங்லெட் ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவதால் அந்த ஒன்பது எட்டாகிவிடும். அதற்கு மேல் செவுளில் படியும் சேறு. குளிர் தரும் சலுகையில் ஒரு பங்கை உயரம் வாங்கிக்கொள்கிறது. சேறு இன்னொரு பங்கை.

‘எப்படியும் கறிதானே, மீனுக்கு இவ்வளவு பேச்சா?’ என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. கறிக்கென்றால் பிடித்த உடனே தலையில் ஓர் அடி, வேலை முடிந்தது. மணிக்கணக்கில் தொட்டியில் மூச்சுத் திணறவைத்து, மேடையில் தூக்கிக் காட்டி, கைதட்டு வாங்கிக்கொண்டு ‘விடுதலை’ கொடுப்பதில் கறியும் இல்லை, கருணையும் இல்லை.

கணக்கு வைத்தால் என்ன பயன் என்று பார்க்கக் காவிரிக்குப் போகலாம். ஒகேனக்கல்லுக்கு மேலே கர்நாடகப் பகுதியில் கலிபோரே முகாமில் தூண்டில்காரர்கள் மாசீர் மீனைப் பிடித்துப் பிடித்து ஆற்றிலேயே விட்டார்கள். எதை, எப்போது, எவ்வளவு எடையில், எத்தனை மணி நேரம் காத்திருந்து பிடித்தோம் என்று நோட்டில் எழுதியும் வைத்தார்கள். 1998 முதல் 2012 வரை 6,161 மீன்கள். அந்த நோட்டைப் புரட்டிய ஆய்வாளர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. மொத்தப் பிடி கூடிக்கொண்டு போயிருக்கிறது. ஆனால் காவிரிக்கே உரிய திமில் மாசீர் ஆண்டுக்கு ஆண்டு அருகிக்கொண்டு வந்திருக்கிறது. பெருகியதெல்லாம் வெளி ஆற்றிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மாசீர். 2018இல் திமில் மாசீர் மிக ஆபத்தான நிலையில் இருப்பதாக, அழியும் உயிர்களின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. விளையாடப் போனவர்களின் நோட்டு இல்லையென்றால் அந்தச் சரிவு யார் கண்ணிலும் பட்டிருக்காது. நம் போட்டிகளில் மிஞ்சுவது கோப்பையோடு எடுத்த படம் மட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், தூண்டில் நண்பர்கள் கோபித்தாலும் சரி. விடுவிப்பது எல்லா மீனுக்கும் புண்ணியம் ஆகாது. நீலகிரியிலும் நுவரெலியாவிலும் துரைமார் தேயிலையோடு டிரவுட்டையும் கொண்டுவந்து ஓடைகளில் விட்டார்கள். இந்த நாட்டில் அதே தூண்டில் ஆசைக்கு வந்து சேர்ந்தது தென்னமெரிக்க மயில் பாஸ். பனாமாவின் காத்தூன் ஏரியில் 1960களின் இறுதியில் அது நுழைந்து சில ஆண்டுகளில் உள்ளூர்ச் சிறுமீன்களை எப்படித் துடைத்தெடுத்தது என்பதை 1973லேயே எழுதிவைத்துவிட்டார்கள். நம் ஆற்றில் மயில் பாஸைப் பிடித்தவர் அதைத் தடவிக்கொடுத்துத் திரும்ப விடுவது தர்மம் அல்ல. உடனே கொன்று சட்டியில் போடுங்கள். நம் ஆற்றின் சொந்த மீன்களான கெலாவோ செபாராவோ மாட்டினால் ஈரக் கையோடு, தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விடுங்கள். எது எந்த மீன் என்று தெரியாதவர் போட்டி நடத்தக் கூடாது.

முடியாததை நாம் கேட்கவில்லை. கேமரன் மலை இருக்கும் இதே பகாங் மாநிலத்தின் கடலோரத்தில், கோலா ரொம்பினில், கடல் மயில்மீனுக்கு நடக்கும் அரச பகாங் பன்னாட்டுப் போட்டியில் பிடித்து விடுவிப்பதே விதி. அமெரிக்காவிலேயே ஒரு தொடர் போட்டியில் ஒவ்வொரு படகிலும் நடுவர் ஏறி, பிடித்த இடத்திலேயே எடை பார்த்து அங்கேயே விடச் செய்கிறார்கள். தொட்டி வேண்டாம், கவ்வி வேண்டாம், மேடை வேண்டாம். அளவுகோல் பதித்த ஈரப் பலகையில் நீளம் பார்த்துப் படமெடுத்தாலும் போதும்.

உள்நாட்டு நீர்நிலைகளின் மீன் மாநில அரசின் பொறுப்பு. ஆகவே பகாங் அரசு இதைத் தன் மேசைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். எடை மேடைக்கு மீனைச் சுமந்துவரும் போட்டிக்கு அனுமதி தரக் கூடாது. பின்னோக்கிய கூர் இல்லாத தூண்டில் முள்ளைக் கட்டாயமாக்க வேண்டும். போட்டி முடிந்து மூன்று நாள் காலையில் ஏற்பாட்டாளர் கரையைச் சுற்றி வந்து ஒதுங்கிக் கிடக்கும் மீன்களை எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையை, பரிசு வாங்கியவரின் பெயரும் எடையும் போட்ட அதே பதாகையில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும்.